நர்ஸ்மாரோட ஸ்ட்ரெஸ், மீண்டெழும் திறன்: எந்த ஸ்கேலால அளக்கிறது?

மருதானை மிஸி:

வணக்கம் எல்லாருக்கும். நான் கொழும்புல ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில மெடிக்கல் வாட்டுல நர்ஸா வேலை செய்றேன், சொந்த ஊரு ஹட்டன் பக்கம். வேலையோட சேத்து நர்சிங் டிகிரியும் படிச்சிக்கிட்டு இருக்கேன். கடைசி வருஷ ரிசர்ச்சுக்கு நான் எடுத்திருக்கிறது நர்ஸ்மாரோட மீண்டெழும் திறனும், அவங்க ஸ்ட்ரெஸ்ஸ எப்படி சமாளிக்கிறாங்கங்கிறதும். ரெசிலியன்ஸ், கோப்பிங்னு சொல்றாங்களே அதுதான். சுப்பர்வைசருக்கு தலைப்பு பிடிச்சிருக்கு, ஆனா எந்த ஸ்கேல பாவிக்கப் போறேன்னு அடுத்த மீட்டிங்ல சொல்லியாகணும்.

தேடிப் பாத்தா ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்னு பாவிச்சிருக்காங்க. கொனர் டேவிட்சன் ஸ்கேல் 25 கேள்வி, அதுலயே 10 கேள்வி, 2 கேள்வின்னு சின்ன வேர்ஷனும் இருக்கு. வாக்னில்ட் யங் ஸ்கேல் வேற, அதுவும் 25. பிரீஃப் ரெசிலியன்ஸ் ஸ்கேல்னு 6 கேள்வியில ஒன்னு. பொதுவான ஸ்ட்ரெஸ்ஸுக்கு கோஹனோட ஸ்கேல், நர்ஸ்மாருக்குன்னே செஞ்ச நர்சிங் ஸ்ட்ரெஸ் ஸ்கேல், சமாளிக்கிறதுக்கு பிரீஃப் கோப்... ஆளுக்கொன்னா எடுத்தாலே நூறு கேள்வி கிட்ட வந்துரும். நைட் முடிச்சி பஸ்ஸ பிடிக்க ஓடுற பிள்ளை எப்படி உக்காந்து நூறு கேள்விக்கு டிக் போடும்?

இன்னொன்னு மொழி. எங்க வாட்டுல முக்காவாசிப் பேர் சிங்களம், தமிழ் பேசுறவங்க கொஞ்சப் பேர்தான். தமிழ், சிங்களம் ரெண்டுலயும் போம் அடிக்கணுமா, இல்ல டிப்ளோமா இங்கிலீஷ்லதானே படிச்சோம், இங்கிலீஷ்லயே குடுத்தா போதுமா?

இத நான் சும்மா மார்க்ஸுக்காக செய்யல. என்னோட ட்ரெய்னிங் முடிச்சவங்க நிறையப் பேர் இப்ப வெளிநாட்டுல இருக்காங்க. இங்க மிச்சமா இருக்கிறவங்க ஓ.டி. மேல ஓ.டி. செய்றாங்க. கெஷுவல்டி நாள்ல கட்டில் எல்லாம் நிரம்பி தரையிலயும் ஆள் படுத்திருக்கும், ஒரு பக்கம் டெங்கு பேஷண்டுக்கு மணிக்கு மணி பிரஷர் பாத்து, போன யூரின் அளவ எழுதி, பி.சி.வி. (ரத்தத்துல சிவப்பணு வீதம்) ஏறுதா இறங்குதான்னு பாத்துக்கிட்டு நிக்கணும், அதே நேரம் அடுத்த கட்டில்ல ஒருத்தர் மூச்சு அடங்கிக்கிட்டு இருப்பார், அவரோட மகள் என் கையப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டா. மறுநாளும் அதே பிள்ளைங்கதான் சிரிச்ச முகத்தோட டியூட்டிக்கு வாறாங்க. அது எப்படி முடியுதுங்கிறதுதான் எனக்குத் தெரியணும். எந்த ஸ்கேல் இத ஒழுங்கா பிடிக்கும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

வெள்ளவத்தைக்காரன்:

தங்கச்சி, நல்ல தலைப்பு. நான் சுகாதார ஆராய்ச்சியளுக்கு புள்ளிவிபரம் பாக்கிற ஆள், அந்தப் பக்கத்தால மட்டும் சொல்லுறன்.

ஸ்கேலைத் தெரிவு செய்ய முதல் நீங்கள் அளக்கப் போறது என்ன எண்டதை முடிவெடுங்கோ. ஒரு ஆளுக்குள்ள இருக்கிற பலங்களையா, இல்லாட்டி அடி விழுந்த பிறகு எவ்வளவு கெதியா எழும்புறா எண்டதையா? ரெண்டையும் ரெசிலியன்ஸ் எண்டுதான் சொல்லுறவை, ஆனா ஸ்கேல் வேற. கொனரும் டேவிட்சனும் 2003ல போட்டது முதலாவது வகை. 25 கேள்வி, ஒவ்வொண்டுக்கும் 0 தொடக்கம் 4, மொத்தம் 100. விடாப்பிடி, தன்னம்பிக்கை, மாற்றத்துக்கு இசைஞ்சு போறது, கடவுள் நம்பிக்கை எண்டு ஆளிட்ட உள்ள வளங்களைக் கேக்கும். அதை 2007ல 10 கேள்வியாச் சுருக்கினவை, மொத்தம் 40. பிரீஃப் ரெசிலியன்ஸ் ஸ்கேல் 2008ல ஸ்மித்தும் கூட்டாளிகளும் செய்தது, அது ரெண்டாவது வகை, கஷ்டத்தில இருந்து மீண்டு வாறதை மட்டும் நேரா கேக்குது. 6 கேள்வி, 1 தொடக்கம் 5, கடைசியில சராசரி எடுக்கிறது. நீங்கள் எழுதினதைப் பாத்தா, "மறுநாளும் வாறாங்க, எப்படி முடியுது" எண்டதுதான் உங்கட கேள்வி, அதுக்கு இந்த 6 கேள்வி நெருக்கமா வரும், ஆளைக் களைக்கவும் வைக்காது. கொனர் டேவிட்சனுக்கு உரிமையாளரிட்ட எழுதி அனுமதி எடுக்க வேணும், கட்டணமும் இருக்கு, நேரத்தையும் கணக்குப் பாருங்கோ.

2011ல விண்டில் எண்ட ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 15 ரெசிலியன்ஸ் ஸ்கேலை ஒண்டா வைச்சு ஆராய்ஞ்சவை. இதுதான் எல்லாத்திலயும் மேல எண்டு சொல்லக்கூடியது ஒண்டும் இல்லை எண்டதுதான் அவையின்ட முடிவு. கொனர் டேவிட்சனும் இந்த 6 கேள்வி ஸ்கேலும் நல்ல மதிப்பெண் எடுத்த கூட்டத்துக்குள்ளதான் வந்தது. அதால ரெண்டில எதை எடுத்தாலும் ஒருத்தரும் பிழை சொல்லேலாது, ஏன் எடுத்தனீங்கள் எண்டதை மட்டும் நியாயமா எழுதுங்கோ.

ஸ்ட்ரெஸ்ஸுக்கு கோஹன் ஸ்கேல், 1983ல வந்தது, முதல் 14 கேள்வியா இருந்தது, இப்ப அநேகமா 10 கேள்வி வேர்ஷன்தான் பாவிக்கினம், மொத்தம் 40. அதுல 4, 5, 7, 8ஆம் கேள்வியள் நல்ல பக்கத்தால கேக்கிறது, அதுகளின்ட புள்ளியைத் திருப்பித்தான் (0 எண்டா 4, 4 எண்டா 0) கூட்ட வேணும். 6 கேள்வி ரெசிலியன்ஸ் ஸ்கேலில 2, 4, 6ஆம் கேள்வியளைத் திருப்ப வேணும். கனபேர் இதை மறந்துபோட்டுக் கூட்டி, ரெசிலியன்ஸுக்கும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் தொடர்பே இல்லை எண்டு ரிப்போட் எழுதியிருக்கினம், நான் கண்ணால பாத்திருக்கிறன். திருப்பிக் கேக்கிற கேள்வியளால ஒரு நன்மையும் இருக்கு. களைப்பில முதலாவது கேள்வியில இருந்து கடைசி மட்டும் ஒரே பெட்டியில கீழ்நோக்கி டிக் போட்டுக்கொண்டு போற போம் உடனே காட்டிக் குடுக்கும்.

கோஹன் ஸ்கேல் கேக்கிறது போன ஒரு மாசத்தைப் பற்றி. அதுதான் கொழும்பில கவனிக்க வேண்டியது. மே தொடக்கம் ஜூலை, பிறகு நவம்பர் தொடக்கம் ஜனவரி எண்டு மழையோட டெங்கு ஏறுற காலத்தில நீங்கள் போம் குடுத்தா ஒரு ஸ்கோர், மாச்சில குடுத்தா வேற ஸ்கோர். 2017ல நாடு முழுக்க 186,000க்கு மேல டெங்கு நோயாளியள், அந்த வருஷ ஜூலையில ஒரு மெடிக்கல் வாட்டில எடுத்த ஸ்கோரை சாதாரண வருஷத்தோட எப்பிடி ஒப்பிடுறது? தரவு எடுத்த மாசத்தை ரிப்போட்டில தெளிவா எழுதுங்கோ, ஒரு வாட்டை ஒரு மாசத்திலயும் மற்ற வாட்டை மூண்டு மாசம் கழிச்சும் எடுக்காதேங்கோ.

கோஹன் ஸ்கேலில 13 வரைக்கும் குறைவு, 27 தொடக்கம் கூட எண்டு ஒரு பிரிப்பு இன்டர்நெட் முழுக்க இருக்கு. அது கோஹன் போட்ட எல்லை இல்லை, அந்த ஸ்கேல் நோயைக் கண்டுபிடிக்கிற கருவியும் இல்லை. ஸ்கோரை ஸ்கோராவே வைச்சு ஒப்பிடுங்கோ. அதே மாதிரி கொனர் டேவிட்சன் எடுத்தா, அமெரிக்கப் பொதுமக்களின்ட சராசரி 80 அளவில வந்தது எண்டு சொல்லி எங்கட பிள்ளையளை அதோட ஒப்பிட்டு "மீண்டெழும் திறன் குறைவு" எண்டு எழுதிப் போடாதேங்கோ.

எத்தினை பேர் வேணும் எண்டு அடுத்ததா கேப்பீங்கள். எத்தினை வீதம் பேருக்கு இப்பிடி இருக்கு எண்டு சொல்லப் போறீங்கள் எண்டா வழமையான கணக்கில 384 வரும். ரெசிலியன்ஸுக்கும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் நடுத்தரமான தொடர்பு (தொடர்புக் குணகம் 0.3 அளவில) இருக்குமா எண்டு மட்டும் பாக்கிறதெண்டா 85 பேர் அளவில காணும். ஆனா வாட் வாட்டாப் பிரிச்சு ஒப்பிட 85 காணாது.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

மகள், நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சேன். முப்பது வருஷத்துக்கு மேல வாட்டுகள்ல நின்னவள், அதனால கொஞ்சம் கூடுதலா எழுதுறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

மேல தம்பி சொன்ன கணக்கெல்லாம் சரி. என்னுடைய பயம் வேற. நீங்க ரெசிலியன்ஸ மட்டும் அளந்து, "இத்தனை வீதம் நர்ஸ்மாருக்கு மீண்டெழும் திறன் குறைவு"ன்னு ஒரு வரி எழுதினா, மேலிடத்துல இருந்து என்ன வரும் தெரியுமா? ஒரு நாள் வேர்க்‌ஷொப். மூச்சுப் பயிற்சி, பொசிட்டிவ் திங்கிங், ஒரு சர்ட்டிஃபிகேட், பகல் சாப்பாடு. அந்த வேர்க்‌ஷொப்புக்கு ரெண்டு பேர அனுப்பினதால அன்றைக்கு வாட்டுல ரெண்டு பேர் குறைவு, நின்ற பிள்ளைகளுக்கு இன்னும் சுமை. நான் பொறுப்புல இருந்தப்ப இப்படி நடந்ததப் பார்த்து மனம் எரிஞ்சிருக்கேன். குறை பிள்ளைகளுக்குள்ள இருக்குன்னு சொல்றது எல்லாருக்கும் வசதி, ஏன்னா அதுக்கு ஆள் எடுக்கத் தேவையில்ல.

அதனால நர்ஸ அளக்கிற அதே தாள்ல வாட்டையும் அளங்க. போன மாசம் எத்தனை நைட் செஞ்சீங்க, எத்தனை மணித்தியாலம் ஓ.டி., லீவு கேட்டுக் கிடைக்காமப் போனது உண்டா, கடைசியா செஞ்ச நைட்ல எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ், தரையில எத்தனை பேர். நைட் ரெண்டு பேர் அறுபது நோயாளிய பாத்த வாட்டையும், நாலு பேர் இருபது நோயாளிய பாத்த வாட்டையும் ஒரே கூட்டல்ல போட்டா அந்த விடைக்கு என்ன அர்த்தம்? பிள்ளைகள் ஞாபகத்துல சொல்றத மட்டும் நம்பத் தேவையில்ல, அனுமதி எடுத்தா ரோஸ்டர்லயும் வாட்டோட தினசரிக் கணக்குலயும் இதெல்லாம் எழுதியே இருக்கு.

நர்சிங் ஸ்ட்ரெஸ் ஸ்கேல் பத்தியும் கேட்டிருந்தீங்க. கிரே டொஃப்டும் அண்டர்சனும் 1981ல செய்தது, 34 கேள்வி, ஏழு பகுதி: மரணம், டொக்டர்மாரோட முரண்பாடு, உறவினருடைய மனச ஆத்துறதுக்குப் போதிய பயிற்சி இல்லாதது, ஆதரவு இல்லாதது, மற்ற நர்ஸ்மாரோட முரண்பாடு, வேலைச்சுமை, சிகிச்சை பத்தின நிச்சயமின்மை. 2000ல அத விரிச்சு 57 கேள்வியாக்கினாங்க, அதுல நோயாளிகளும் குடும்பமும் தாற நெருக்கடி, பாகுபாடு எல்லாம் சேர்ந்திருக்கு. நல்ல ஸ்கேல், எந்த இடத்துல நோகுதுன்னு காட்டும், கோஹன் ஸ்கேல் அதக் காட்டாது. ஆனா 2022 பொருளாதார நெருக்கடியில எங்க பிள்ளைகள் பட்ட பாடு அதுல எங்க இருக்கு? மருந்து இல்ல, நோயாளியுடைய மனைவிகிட்ட சீட்டக் குடுத்து "வெளியில வாங்கிட்டு வாங்கம்மா"ன்னு சொல்ல வேண்டி வந்தது. அந்த அம்மா ஃபார்மசி வாசல்ல விலையக் கேட்டுட்டு வெறுங்கையோட திரும்பி வந்து கட்டில் பக்கத்துல நின்றத நாங்கதானே பாத்தோம். டியூட்டிக்கு வர பெற்றோல் இல்ல, பஸ் இல்ல. என்ன செய்யணும்னு தெரியும், செய்ய சாமான் இல்ல, அந்த நோவு வேற மாதிரி. ஆகவே இந்த நாட்டுக்குரிய நாலு அஞ்சு கேள்வி நீங்களே எழுதிச் சேருங்க. ஆனா ஸ்கேல் மொத்தத்தோட அதக் கூட்டாம தனியா வைங்க, தம்பி சொல்ற கணக்கு குழம்பாம இருக்கும்.

கடைசியா ஒன்று. நீங்க போம் குடுக்கப் போறது இன்னும் நிக்கிற பிள்ளைகளுக்கு. தாங்க முடியாம விட்டுட்டுப் போனவங்களும், 2022ல அரசாங்கம் சம்பளமில்லாத லீவு 5 வருஷம் வரைக்கும் எடுத்து வெளிநாடு போகலாம்னு சொன்ன பிறகு போனவங்களும் உங்க தாள்ல இல்ல. அதனால ஸ்கோர் உயர்ந்து வந்தா, எங்க நர்ஸ்மார் எல்லாரும் பலசாலின்னு எழுத அவசரப்படாதீங்க. போனவங்க பலமில்லாம போனாங்கன்னும் நினைக்காதீங்க, பிள்ளைகளுக்கு பால்மா வாங்க முடியாம போனவங்கள எனக்குத் தெரியும்.

தெமட்டகொட சஹோதரி:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கவுன்சலிங் செய்றவ, ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நெறய பேரு எங்கிட்ட வாராங்க. சிஸ்டர் எழுதினத வாசிச்சு கண்ணு கலங்கிட்டு. நான் சமாளிக்கிற பகுதிய மட்டும் சொல்றன்.

பிரீஃப் கோப் கார்வர் 1997ல செஞ்சது, 28 கேள்வி, 14 வகை, ஒவ்வொரு வகைக்கும் ரெண்டு கேள்வி. இத மொத்தமா கூட்டி "கோப்பிங் ஸ்கோர் 70"ன்டு எழுதக் கூடாது, மொத்த ஸ்கோர்ன்டு ஒன்னு அதுல இல்லன்டு கார்வரே சொல்லியிருக்கார். ஒவ்வொரு வகையையும் தனித்தனியாத்தான் பாக்கணும். வேலையா எறங்கி பிரச்சினைய தீக்கிறது, திட்டம் போடுறது, மத்தவங்கட ஆதரவு, ஏத்துக்கிறது, மார்க்கம், பகிடி, மனச வேற பக்கம் திருப்புறது, மறுக்கிறது, கைவிட்டுர்றது, போதைப் பொருள், தன்னையே குத்தம் சொல்றது... இப்படிப் போகும்.

பலபேரு இத நல்ல வகை, கெட்ட வகைன்டு ரெண்டா பிரிச்சிர்றாங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பல்ல. லாசரஸும் ஃபோக்மனும் 1984லயே சொன்ன விசயம், ஒரு வழி பலன் தருதா இல்லையான்டு முடிவாகுறது அந்த நெலமைய மாத்த ஏலுமா ஏலாதாங்கிறதுலதான். ரோஸ்டர்ல அநியாயம்ன்டா போய்க் கதைச்சு மாத்தலாம், அங்க திட்டம் போடுறது ஒதவும். கேன்சர் கடைசி நிலையில இருக்கிற புள்ளைக்கு முன்னால நர்ஸ் என்ன திட்டம் போடுறது? அங்க ஏத்துக்கிறதும் துஆவும்தான் அவட கையில இருக்கு. நைட் முடிச்சு செவ்வாய்க்கெழம நேரா கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி பத்திட்டு வீட்டுக்குப் போற நர்ஸ்மார எனக்குத் தெரியும், எல்லாரும் கத்தோலிக்கர் இல்ல, கையில பிரித் நூல் கட்டின பௌத்தர்களும் அந்த வரிசையில நிப்பாங்க. மார்க்கம் பத்தின ரெண்டு கேள்விக்கும் இங்க கிட்டத்தட்ட எல்லாரும் உச்ச ஸ்கோர் போடுவாங்கன்டுதான் நெனக்கிறன். எல்லாரும் ஒரே பதில் சொன்னா யாரு கூட சமாளிக்கிறாங்கன்டு அந்தக் கேள்வியால பிரிச்சுப் பாக்க ஏலாது. போதைப் பொருள் கேள்விக்கு நேர் எதிர், பெண் புள்ளைங்க ஒருத்தரும் ஆமன்டு போட மாட்டாங்க, உண்மையா இருந்தாலும் போட மாட்டாங்க. இந்த ரெண்டையும் வச்சு பெரிய முடிவு எடுக்காதீங்க.

ஆமன்டு போடாததுக்கு காரணம் பயம், அதத்தான் நீங்க முதல்ல தீக்கணும். பேர் எழுதல்ல, அதால ஆள் தெரியாதுன்டு நெனக்காதீங்க. வயசு 34, தமிழ், கல்யாணமாகல்ல, சேவை 9 வருஷம், வாட் நம்பர் இன்னதுன்டு போட்டா அந்த வாட்டுல அது ஒரே ஒருத்தர்தான். மேட்ரன் கையில அந்தத் தாள் கெடச்சா அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சிருவாங்க. வயச பத்து பத்து வருஷமா பிரிச்சுக் கேளுங்க, வாட் நம்பருக்குப் பதிலா மெடிக்கல், சேர்ஜிகல், ஐ.சி.யூ.ன்டு வகைய மட்டும் கேளுங்க. கூகுள் போம்ன்டா ஈமெயில் எடுக்கிறத நிப்பாட்டி வைங்க.

இன்னும் ஒன்டு. கேள்விக்கு பதில் எழுதுறப்பவே சிலபேருக்கு பழைய மரணமெல்லாம் ஞாபகம் வந்து தாங்க ஏலாம போகும். ஒவ்வொரு போமோடயும் பிரிச்சு எடுத்துட்டுப் போகக்கூடிய ஒரு சின்னத் துண்டு வைங்க, தேசிய மனநல நிறுவனத்தோட 1926 நம்பரும், ஆஸ்பத்திரிக்கு வெளியில கதைக்கக்கூடிய ஒரு எடமும் அதுல இருக்கட்டும்.

மருதானை மிஸி:

அண்ணா, சிஸ்டர், அக்கா மூனு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்ப இப்படி யோசிக்கிறேன்: 6 கேள்வி ரெசிலியன்ஸ், 10 கேள்வி கோஹன், 28 கேள்வி பிரீஃப் கோப், மொத்தம் 44. அதோட சிஸ்டர் சொன்ன வாட் கணக்கு ஒரு பக்கம், 2022 மாதிரி விஷயங்களுக்கு அஞ்சு கேள்வி. 34 கேள்வி ஸ்கேல விட மனசில்ல, ஆனா நீளம் கூடிரும்.

ரெண்டு விஷயத்துல இன்னும் தெளிவில்ல. அனுமதி சம்பந்தமா கதைக்கப் போனப்ப ஒரு மேலதிகாரி, "ஸ்ட்ரெஸ் கூடினவங்களோட லிஸ்ட் ஒன்னு மட்டும் எங்களுக்கு குடுங்க, கவுன்சலிங் அனுப்பலாம்"னு சொன்னாங்க. நல்ல மனசோடதான் கேட்டாங்கன்னு நம்புறேன், ஆனா எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு. அப்புறம் மொழிபெயர்ப்பு, அதுக்கு இன்னும் பதில் கிடைக்கல.

தெமட்டகொட சஹோதரி:

லிஸ்ட் குடுக்கவே குடுக்காதீங்க தங்கச்சி. குடுக்க ஏலாத மாதிரியே ஆராய்ச்சிய அமைச்சிருங்க, பேரும் இல்ல, நம்பரும் இல்லன்டா உங்ககிட்ட லிஸ்ட்டே இருக்காது, கேட்டவங்களுக்கும் மனவருத்தம் இல்ல. நெறிமுறைக் குழுவுக்கு குடுக்கிற விண்ணப்பத்துல அத அப்படியே எழுதுங்க, குழு ஒப்புதல் குடுத்த பொறகு வேற யாரும் வந்து மாத்தச் சொல்ல ஏலாது. கோஹன் ஸ்கேல் நோயக் கண்டுபிடிக்கிற கருவி இல்லன்டு மேல வெள்ளவத்தை நானா சொன்னாரே, அந்த ஸ்கோர வச்சு ஒருத்தர கவுன்சலிங்குக்கு அனுப்புறது அறிவுப்படியும் பொருந்தாது. அவங்களுக்கு உண்மையா உதவி செய்யணும்ன்டா வாட் வகையோட சராசரியக் குடுங்க, அதுவும் ஒரு வகையில பத்துப் பேருக்குக் கொறவா இருந்தா அதையும் தனியா காட்டாதீங்க.

வெள்ளவத்தைக்காரன்:

மொழிக்கு வாறன். முதல்ல இந்த ஸ்கேலுகளுக்கு இலங்கையில செய்து சரிபார்த்த சிங்கள, தமிழ் வேர்ஷன் இருக்கா எண்டு பல்கலைக்கழக நூலகங்களிலயும் ஜேர்னலுகளிலயும் தேடுங்கோ, இருந்தா செய்தவைக்கு எழுதிக் கேளுங்கோ, அநேகமா சந்தோஷமாத் தருவினம். தமிழ்நாட்டில செய்தது கிடைச்சாலும் அப்பிடியே எடுக்காமல் எங்கட ஆக்களுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. ஒண்டும் இல்லையெண்டா பிரிஸ்லின் 1970ல சொன்ன வழி இருக்கு. ஒருத்தர் தமிழாக்கட்டும், மூலத்தைப் பாக்காத இன்னொருத்தர் அதைத் திரும்ப இங்கிலீஷாக்கட்டும், ரெண்டு இங்கிலீஷையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கிறது.

அதோட நிப்பாட்டாதேங்கோ. வேற ஆஸ்பத்திரி நர்ஸ்மார் ஒரு அஞ்சாறு பேரை ஒவ்வொருத்தரா இருத்தி, கேள்வியை வாசிக்கச் சொல்லி, "இதில என்ன கேக்கினம் எண்டு உங்கட சொல்லில சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ. இலக்கணம் சரியா இருக்கிற வசனமே ஆளுக்கு ஆள் வேற மாதிரி விளங்குறதை அங்கதான் காண்பீங்கள். முக்கியமா எதிர்மறையாக் கேக்கிற கேள்வியள், "இல்லை" எண்டு முடியிற வசனத்துக்கு "உடன்படவில்லை" எண்டு டிக் போட வேண்டி வந்தா நல்லாப் படிச்ச ஆளும் தடுமாறும். பிறகு ஒரு முப்பது பேரிட்ட குடுத்து, கேள்வியள் ஒண்டோட ஒண்டு ஒத்துப்போகுதா எண்டு குரொன்பாக் அல்ஃபா பாருங்கோ, 0.7க்கு மேல எண்டா தொடரலாம். பிரீஃப் கோப்பில வகைக்கு ரெண்டு கேள்விதான், அங்க அல்ஃபா குறைஞ்சு வந்தா பயப்பட வேண்டாம்.

இங்கிலீஷில மட்டும் குடுக்காதேங்கோ. மருந்துச் சார்ட் இங்கிலீஷில எழுதுற ஆளும் மனசைப் பற்றி இங்கிலீஷில யோசிக்கிறேல்லை. மூண்டு மொழியிலயும் வைச்சு அவையையே எடுக்க விடுங்கோ. ஆனா தமிழ்ப் போம் நிரப்பினவையின்ட சராசரியையும் சிங்களப் போம் நிரப்பினவையின்ட சராசரியையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டு விடாதேங்கோ. ரெண்டு போமும் ஒரே அளவாத்தான் அளக்குது எண்டு நிரூபிக்க நூற்றுக்கணக்கில ஆக்கள் வேணும், அது இல்லாமல் போடுற அட்டவணையை நாளைக்கு யாரோ எடுத்து இந்த இனத்து நர்ஸ் அந்த இனத்து நர்ஸ் எண்டு எழுதுவான். எங்கட நாட்டில அதுக்கு இடம் குடுக்கக் கூடாது.

34 கேள்வி ஸ்கேலை இந்த முறை விடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். சிஸ்டர் சொன்ன வாட் கணக்கு அதைவிடப் பெறுமதி.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

தம்பி, வேலைச்சுமையும் மரணமும் பத்தின பகுதிகளையாவது எடுக்க ஏலாதா? ரெண்டும் சேர்த்து பதிமூணு கேள்விதான். சாவு பத்தி ஒரு கேள்வியும் இல்லாம மெடிக்கல் வாட் நர்ஸுடைய ஸ்ட்ரெஸ்ஸ அளந்தோம்னு சொல்ல எனக்கு மனம் வரல்ல.

வெள்ளவத்தைக்காரன்:

எடுக்கலாம் சிஸ்டர், பகுதி பகுதியா ஸ்கோர் பாக்கிற ஸ்கேல்தான் அது. முழு ஸ்கேல் பாவிக்கேல்லை, இந்த ரெண்டு பகுதியும்தான் எண்டு தெளிவா எழுதினாச் சரி. தங்கச்சி சொன்ன 44ஓட இந்த 13ஐயும் சேர்த்தா 57 கேள்வி, ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிசம் போகும்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

அப்ப சரி. மகள், போம் குடுக்கிற நேரம் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன். காலையில ஏழு மணிக்கு ஹேண்ட் ஓவர் நேரம் குடுக்காதீங்க, நைட் செஞ்ச பிள்ளைக்கும் விளங்காது, வந்த பிள்ளைக்கும் நேரமில்ல. பகல் ஒரு மணிக்கு மாறுறப்பவும் அப்படித்தான். போம ஒரு என்வலப்போட கையில குடுத்து வீட்டுக்கு அனுப்புங்க, ஓஃப் நாள்ல நிரப்பி ஒட்டிக் கொண்டு வரட்டும். பெட்டிய சிஸ்டர் இன் சார்ஜுடைய மேசைக்குப் பக்கத்துல வைக்காதீங்க, நர்ஸ்மார் உடுப்பு மாத்துற அறையில வைங்க, பூட்டுப் போட்டு, திறப்பு உங்ககிட்ட மட்டும். உங்க சொந்த வாட்டுப் பிள்ளைகளுக்கு நீங்க குடுக்காம வேற ஒருத்தர விட்டுக் குடுங்க, உங்க முகத்துக்காக மாட்டேன்னு சொல்ல முடியாம நிரப்புவாங்க. குழுவுடைய ஒப்புதல் வந்ததும் இங்க எழுதுங்க, என்னோட வேலை செஞ்ச சிஸ்டர்மார் ரெண்டு மூணு பேர் இன்னும் சேவையில இருக்காங்க, வேற ஆஸ்பத்திரிகள்ல கேள்விய வாசிச்சுப் பாக்க ஆள் பிடிச்சுத் தரச் சொல்றேன்.